கடல் தாண்டிப் போன தப்பு

பாண்டிச்சேரியைச் சுற்றியுள்ள சேரிகளில் ‘சொல்தா வூடு’ என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய் வந்தவன் வீடு. குடிசைகளுக்கு நடுவுல ஒரு மாடி இருக்கும், திண்ணையில உட்கார்ந்திருக்கிற கிழவருக்கு மாசாமாசம் பென்ஷன் வரும். இந்தக் கதைக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசாங்கம் ஓர் ஆணை போட்டது. சாதி வழக்கத்தையும் அதற்கான தனிச் சட்டத்தையும் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம், குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஊர்த்தெருக்காரர்களில் பலருக்கு முகம் சுளித்தது, பரம்பரை வழக்கத்தை விடுவதாவது என்று. எழுதிக் கொடுத்தவர்களில் நம்மவர்களும் கிறித்தவர்களும்தான் அதிகம். விடுறதுக்கு நம்மகிட்ட என்ன வழக்கம் இருந்துச்சு? தெருவுல செருப்புப் போடக் கூடாதுங்கிற வழக்கமா?

என் அத்தை மகன் அப்படி ஒரு சொல்தா வீட்டுப் பிள்ளை. எனக்கு மூத்தவர். மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு ரெயூனியன் தீவில் தங்கிவிட்டார். “மாப்ளே, நீ எழுதுறவன். ஒரு தடவை வந்து பாரு. நான் வாயில சொன்னா ஒனக்குப் புரியாது” என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு டிசம்பர் மாதம் மொரீஷியஸ் வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, எரிமலை கக்கிக் கக்கி உண்டான தீவு அது. முன்னே பூர்போன் என்று பெயர். பிரான்சின் காலனியாக இருந்து 1946 இல் பிரான்சின் ஒரு மாவட்டமே ஆகிவிட்டது. 3,070 மீட்டர் உயரத்தில் ஓர் அவிந்த மலை. 2,632 மீட்டரில் இன்னும் எரிகிற மலை. விடுமுறைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் ஹெலிகாப்டரில் ஏறி எரிமலையைப் பார்க்கிறார்கள். மேற்குக் கரையில் வெயில் காய்கிறார்கள். சேன்-லேயில் குடையைக் கட்டிக்கொண்டு மலையிலிருந்து பறக்கிறார்கள். பறக்கட்டும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அதே சேன்-லேயில் 1811 நவம்பரில் அடிமைகள் எலி என்பவரின் தலைமையில் கிளர்ந்து எழுந்தார்கள். அடக்கப்பட்டு, முன்னின்றவர்களுக்கு மரண தண்டனை கிடைத்தது. காட்டிக் கொடுத்தவனும் ஓர் அடிமைதான். ஃபிகாரோ என்று பெயர். அவனுக்கு விடுதலை கிடைத்தது. மச்சான் வண்டியை ஓட்டிக்கொண்டே இதைச் சொல்லிவிட்டு, “நம்ம பக்கத்துல இவனுக்கு என்னா பேரு வைப்பாங்க மாப்ளே?” என்று கேட்டார். எங்கள் தொகுதியில் சட்டென நினைவுக்கு வந்த இரண்டு மூன்று பேரைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனோம்.

இந்தத் தீவில் ஆதியில் மனிதர்களே கிடையாது. அதனால் எவனும் இது என் பூர்வீக பூமி என்று மார்தட்ட முடியாது. 1663 இல் சேன்-போல் கரையில் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் மடகாஸ்கரிலிருந்து பத்து பேரும் வந்து இறங்கினார்கள். பத்தில் மூன்று பேர் பெண்கள். கொஞ்ச நாளிலேயே அந்தப் பத்துப் பேரும் மலைக்கு ஓடிவிட்டார்கள். அதாவது இந்தத் தீவின் சரித்திரத்தில் முதல் சம்பவமே தப்பி ஓடியதுதான். பின்னால் காப்பித் தோட்டத்துக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் ஆயிரக்கணக்கில் பிடித்து வரப்பட்டவர்களும் ஓடினார்கள். நடு மலையில் பெரிய பள்ளங்கள் மூன்று இருக்கின்றன. மஃபாத், சிலாவோஸ், சலாசி. மஃபாத் என்பது அப்படி ஓடிப்போன ஒரு தலைவனின் பெயர். இன்றைக்கும் அதற்குள் வண்டி போகிற சாலை கிடையாது. ஓடியவர்களை வேட்டையாடக் கூலிப்படைகள் இருந்தன. கொன்றதற்கு அத்தாட்சியாகக் கையை வெட்டிக்கொண்டு வந்து காசு வாங்குவார்கள். இந்த மலைகளைத்தான் 2010 இல் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்திருக்கிறார்கள்.

சேன்-போலில் கடலோரமாக ஒரு கல்லறைத் தோட்டம். கூட்டம் முழுக்க ஒரு கடற்கொள்ளைக்காரனின் கல்லறையைச் சுற்றித்தான். ‘லா பூஸ்’ என்று பட்டப்பெயர். சாராயமும் சிகரெட்டும் வைத்துப் படைக்கிறார்கள். அவனைத் தூக்கில் போட்டது 1730 இல், கல்லறைத் தோட்டம் திறந்தது 1788 இல். கணக்கு உதைக்கிறது, யாரும் கவலைப்படவில்லை. 2007 பிப்ரவரியில் கமேத் என்ற புயல் அடித்து அந்தச் சுவருக்கு வெளியே மண்ணை அரித்தபோது மனித எலும்புகள் வெளியே வந்தன. தோண்டிப் பார்த்தார்கள். அடிமைகளைப் புதைத்த இடம். கொள்ளைக்காரனுக்குச் சுவருக்கு உள்ளே கல்லும் பெயரும். உழைத்தவனுக்குச் சுவருக்கு வெளியே மணல். எங்கள் ஊரில் பிணம் போகிற பாதைக்காகத் தாலுகா ஆபீசுக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்தே கால் தேய்ந்தவன் நான். அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

தலைநகரம் சேன்-தெனி. நடுவில் பாரீசுத் தெரு. வெள்ளையும் வெளிர்நீலமுமாக மாளிகைகள், நீண்ட வராந்தா, கூரை விளிம்பில் சரிகை மாதிரி வெட்டித் தொங்கவிட்ட தகடு. சலாசிப் பள்ளத்துக்குள் எல்-பூர் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அங்கேயும் இதே அழகு. நமக்குக் கொடுக்கிற சுற்றுலாக் காகிதத்தில் வீட்டுக்காரன் பெயர் இருக்கிறது, கட்டிய வருஷம் இருக்கிறது. சுமந்தவன், செதுக்கியவன் யாரென்று இல்லை. தஞ்சாவூர்க் கோபுரத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரியே இருந்தது.

மேற்கே மேட்டில் வில்லேல் என்ற இடத்தில் ஒரு தோட்ட மாளிகை, இப்போது அரும்பொருட்காட்சியகம். தெபாசேன் சீமாட்டியின் வீடு. 1755 இல் பிறந்து 1846 இல் செத்தவள். நானூறு பேருக்கு மேல் அடிமையாக வைத்திருந்தவள். எரிமலை வெடித்தால் அவள்தான் உள்ளே எரிகிறாள், அவள் அலறல்தான் கேட்கிறது என்பது அடிமைகளின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. மற்ற முதலாளிகளைவிட அவள் கொடியவள் என்பதற்கு ஏட்டில் ஆதாரம் போதாது என்று வரலாற்றுக்காரர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். நானூறு பேரை மாடு மாதிரி கணக்கெழுதி வைத்திருந்தவளுக்கு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளைக்காரன் கோர்ட்டு தண்டிக்காதவளை ஜனங்கள் எரிமலைக்குள் தள்ளிவிட்டார்கள். நம்ம பக்கத்தில் நம்மைக் கொன்றவனுக்கு நாம் ஏன் இப்படி ஒரு நரகத்தைக் கட்டவில்லை? நாம் கொல்லப்பட்டவர்களைச் சாமியாக்கினோம், கொன்றவனே வந்து அந்தச் சாமிக்குப் பொங்கல் வைத்துவிட்டுப் போகிறான்.

எத்மோன் அல்பியுசைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சேந்த்-சுசான் ஊரில் 1829 இல் பிறந்த அடிமைப் பையன். வெனிலாக் கொடி அந்தத் தீவில் பூக்கும், காய்க்காது. 1841 இல், பன்னிரண்டு வயதில், ஒரு குச்சியையும் கட்டை விரலையும் வைத்து அந்தப் பூவை மகரந்தம் சேர்க்கிற வழியைக் கண்டுபிடித்தான். தீவுக்கு அது பணமாகக் கொட்டியது. படித்த தாவர இயல்காரர் ஒருவர், நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று கிளம்பினார். அல்பியுஸ் திருட்டுக் குற்றத்தில் சிறைக்குப் போய், 1880 இல் வறுமையில் செத்தார். கடைகளில் வெனிலாக் கட்டு வாங்குகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்ததாகச் சேன்-தெனியில் அறிவித்தார்கள். விடுதலை பெற்றவர்கள் அறுபதாயிரம் பேருக்கு மேல். அறிவித்த கையோடு, எல்லாரும் ஏதாவது ஒரு முதலாளியிடம் ஒப்பந்தம் எழுதிக் கையில் சிட்டைப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. 1849 இல் நஷ்ட ஈடு கொடுத்தது முதலாளிகளுக்கு. நம் நாட்டில் 1843 லேயே சட்டம் வந்துவிட்டது, அடிமை என்று யாரையும் கோர்ட்டு ஒத்துக்கொள்ளாது என்று. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேலே நம்ம ஆட்கள் பண்ணையாளாகவும் படியாளாகவும் இருந்ததை யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

தோட்டத்தில் ஆள் குறைந்ததும் நம் கரைக்குக் கப்பல் வந்தது. அதற்கும் முன்னே, 1828 லேயே ஏனாமிலிருந்து ஒரு சின்னக் கூட்டம் போயிருக்கிறது. 1861 இல் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் உடன்படிக்கை போட்டு, ஆங்கிலேய இந்தியாவிலும் ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பல் கப்பலாகப் போனார்கள். நடத்துகிற விதம் பொறுக்க முடியாமல்போய் 1882 இல் ஆங்கிலேயர் நிறுத்தினார்கள். மொத்தத்தில் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே சுடுகாடாக்கிய பஞ்சமும் இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. மேஸ்திரி வந்து சோறு இருக்கிறது என்று சொன்னால் எவன் போகமாட்டான்?

சேன்-தெனிக்கு மேற்கே, மலை இரண்டாகப் பிளந்த ஓர் இடுக்கில், கிராந்த் ஷலூப் என்ற கடற்கரை. கப்பலில் வந்தவர்களை ஊருக்குள் விடாமல் நோய்க்காக அடைத்து வைத்த கொட்டடி அங்கே இருக்கிறது. ஒன்றைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். நீளமான கல் கட்டடம், சுற்றிலும் மதில். உள்ளே போனதும் மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார். நானும் கொஞ்ச நேரம் மதிலைத் தொட்டுக்கொண்டு நின்றேன். ஊர்க்குளத்தில் தண்ணீர் மொள்ளக் கூடாதவனும், மொள்ளக் கூடாது என்று சொன்னவனும் ஒரே மதிலுக்குள், ஒரே காய்ச்சலுக்குப் பயந்து, பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்த இடம். அங்கிருந்து தோட்டத்துக்குப் போனால் எல்லாருக்கும் ‘கல்பனோன்’ என்கிற ஒரே நீளக் கொட்டகை. ஆண்கள் அதிகம், பெண்கள் கொஞ்சம். சாதி பார்த்தால் கல்யாணமே கிடையாது. ஆப்பிரிக்க வழிப் பெண்களையும் கட்டிக்கொண்டார்கள். நாயக்கன், பிள்ளை, பறையன் எல்லாரையும் வெள்ளைக்காரன் ஒரே பெயரில் ‘மலபார்’ என்றான். சாதி ஒரேயடியாகச் செத்துப்போனது என்று நான் சொல்ல மாட்டேன். கறுப்பர்களைத் தாழ்வாகப் பேசுகிற மலபார்களை நானே பார்த்தேன். ஆனால் சேரி என்று தனியாக ஓர் இடத்தை அங்கே எவனாலும் கட்ட முடியவில்லை.

தமிழ் போய்விட்டது. பேசுவது கிரியோல். ஆனால் அடுப்பங்கரையில் போகவில்லை. கறிக்குக் ‘கரி’. கறிவேப்பிலை ‘கலுப்பிலே’. முருங்கைக்கீரை ‘பிரேத் முருங்’. பீர்க்கங்காய் ‘பிப்பாங்காய்’. தக்காளியும் மிளகாயும் போட்டு இடிப்பதை ‘ருகாய்’ என்கிறார்கள், நம்ம ஊறுகாய் கடல் தாண்டி மாறிப்போன பெயர். சாமிகளும் அப்படித்தான். மாரியம்மன் ‘மார்லியேமின்’. மதுரை வீரன் ‘மார்தேவிரின்’. பாஞ்சாலி ‘பாண்டியலே’, அவளுக்குத் தீ மிதிக்கிறார்கள். போனவர்கள் கொண்டுபோனது எல்லாம் நம்ம எல்லைச் சாமிகள், கறி தின்கிற சாமிகள்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கிழக்குக் கரையில் ஒரு பெரிய கோயிலுக்கு மச்சான் கூட்டிப் போனார். கோபுரம், வர்ணம், எல்லாம் நம்ம ஊர் ஸ்தபதி வேலை. 1970 களிலிருந்து இப்படி ஒரு மறுமலர்ச்சி நடக்கிறது. இதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூலிக்கு வந்தவன், ஞானஸ்நானப் பெயரோடுதான் அலுவலகத்துக்குள் நுழைய முடியும் என்று பழக்கப்பட்டவன், பணம் வந்ததும் தன் சாமிக்கு ஒரு கோபுரம் கேட்கிறான். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோபுரத்தோடு குருக்களும் வருகிறார். நம்ம கரையிலிருந்துதான் வந்திருந்தார். தமிழ் பேசுகிற ஆளைப் பார்த்த சந்தோஷம் அவருக்கு.

“பாண்டிச்சேரியிலே எங்கே?”

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

“அங்கே எந்தத் தெரு?”

பத்தாயிரம் மைல் போனாலும் இந்தக் கேள்வி முன்னாடியே போய் உட்கார்ந்திருக்கும் போல. நான் பதில் சொல்லாமல் நிற்க, “தாத்தா என்ன பண்ணிண்டிருந்தார்?” என்று அடுத்த கேள்வி.

“தப்படிச்சாரு சாமி. எங்கப்பாவும் அடிச்சாரு. அப்புறம் நிறுத்திட்டாரு.”

மச்சானுக்கு விபூதி கையில் கிடைத்தது. எனக்கு மேலேயிருந்து விழுந்தது. மச்சான் பிரெஞ்சுக்காரர், உண்டியல் போடுகிறவர். இத்தனைக்கும் இருவரும் ஒரே ரத்தம். நான் விபூதியைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே மச்சானும் வந்துவிட்டார். வண்டியில் ஏறியும் கொஞ்ச தூரம் பேசவில்லை. “இருவது வருஷமா இங்க வரேன் மாப்ளே. என்னை எவனும் கேட்டதில்ல” என்றார்.

மறுநாள் ஒரு கரும்புக் காட்டு நடுவே இருந்த சின்னக் கோயிலுக்குப் போனோம். தகரக் கூரை, கோபுரம் கிடையாது. காளிக்குப் பூசை. அதிகாலையிலிருந்து ஆடுகள் கட்டியிருந்தன. பூசாரி அதே தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். படித்த மந்திரம் இல்லை, அப்பன் சொல்லி மகன் கேட்டு வந்த தமிழ். அவருக்கே அர்த்தம் தெரியாது, எனக்குப் பாதி தெரிந்தது. ஓரத்தில் நாலு பேர் கரும்புச் சோகையைக் கொளுத்தி அதில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். தப்பு.

பெயரும் அதேதான். ‘தப்பு’. வட்டச் சட்டம், தோல், இரண்டு குச்சி. தோலைக் காய்ச்சி, விரலால் தட்டி, காதில் வைத்து, மறுபடி காய்ச்சி. எங்கப்பா செய்கிற மாதிரியே.

1984 இல் எங்கள் ஊரில், ஊர்த்தெருச் சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று எங்கப்பா சொன்னார். அன்று ராத்திரி எங்கள் வீட்டுக் கூரையில் நெருப்பு வைத்தார்கள். மறுநாள் அப்பா தப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பாழுங்கிணற்றில் போட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அதைத் தொட்டவன் இல்லை. பின்னால் நம்ம இயக்கத் தோழர்கள் பறையை மேடையில் ஏற்றினார்கள், விடுதலைக் கருவி என்றார்கள். எங்கப்பா ஒரு கூட்டத்துக்கு வந்து கேட்டுவிட்டு, “நல்லாத்தான் அடிக்கிறாங்க. ஆனா எனக்கு வேணாம்” என்று எழுந்து போய்விட்டார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நான் அந்த விவாதத்தில் பல கட்டுரை படித்திருக்கிறேன். ஒன்றும் எனக்குத் தீரவில்லை.

இங்கே தப்படிக்கிறவர்களுக்குப் புது வேட்டி கொடுத்து, மாலை போட்டு, சாமி புறப்படுகிறபோது முன்னால் நிறுத்தினார்கள். ஒருவர் ரயில்வே மாதிரி ஏதோ சீருடை வேலைக்காரர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். பரம்பரையாக இல்லை, ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டவர்கள். சாவு வீட்டுக்கு வா என்று எவனும் உத்தரவு போட முடியாத தப்பு. அடி விழுந்ததும் எனக்கு உடம்பு நடுங்கியது. அது சாமி வந்த நடுக்கம் இல்லை.

பூசை முடிந்து வாழையிலையில் ஆட்டுக்கறி மசாலே போட்டார்கள். கூடவே ஆப்பிரிக்க வழிக்காரர்கள், சீனர் ஒருவர், இரண்டு ஏழை வெள்ளைக்காரர்கள், எல்லாரும் ஒரே வரிசையில். என் பக்கத்தில் எண்பது வயதுக்கு மேலான ஒரு ஆயா உட்கார்ந்திருந்தார். இந்தியாவிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கிரியோலில் கேட்டார். மச்சான் சொன்னார்:

“பெரிய கோயில்ல சொல்றாங்களாம், ஆடு வெட்டுறது, தப்படிக்கிறது எல்லாம் இந்தியாவுல கிடையாது, கப்பல்ல வந்த கூலிங்க தெரியாத்தனமா செஞ்சது, அசுத்தம், நிறுத்துங்கன்னு. பேரப்பிள்ளைங்களும் அதையே சொல்லுதாம். நீ அங்கிருந்து வந்தவன்தானே, உண்மையைச் சொல்லுன்னு கேக்குது.”

அந்த ஆயாவின் பாட்டனோ முப்பாட்டனோ எந்தச் சேரியிலிருந்து போனார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே அவர்கள் நூற்றைம்பது வருஷம் நன்றாக இருந்திருக்கிறார்கள். நான் சாதியைப் பற்றிச் சொன்னால் அதையும் சேர்த்து அவர் இலையில் வைத்த மாதிரி ஆகும். சொல்லாமல் விட்டால் அந்தக் குருக்கள் சொன்னதுதான் இந்தியா என்று ஆகும். இலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

“மச்சான், இப்படிச் சொல்லுங்க. நம்ம ஊர்ல லட்சக்கணக்கான பேரு ஆடு வெட்டித்தான் கும்பிடுறாங்க. தப்பும் அங்கதான் பொறந்துச்சு. எங்க தாத்தா அடிச்சாரு. அதை அசுத்தம்னு சொல்ற கூட்டம் ஒண்ணு அங்க இருக்கு. அந்தக் கூட்டம் எங்களைத் தொடாது, எங்க கையில தண்ணி வாங்காது. கப்பலேறி வந்த உங்க பெரியவங்கள்ல பல பேரு அதுக்குத் தப்பிச்சு வந்தவங்க. இப்ப அது ஏரோப்ளேன்ல உங்களைத் தேடி வந்திருக்கு.”

மச்சான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, “தொடாதுன்னா என்னான்னு கேக்குது” என்றார். நான் என்ன சொல்ல? அவர் என் கையைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தார். அந்தக் கையைக் காட்டி, “இது கூடாது, அதுதான்” என்றேன். மச்சான் சொன்னதும் ஆயா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். என் இலையில் இன்னொரு கறித்துண்டை எடுத்து வைத்தார்.

டிசம்பர் 20 ராத்திரி சேன்-தெனியில் தெருவெல்லாம் மலோயா. அடிமைகளின் பாட்டு, 1981 வரை பொது இடத்தில் தலைகாட்ட விடாமல் வைத்திருந்தார்கள். 2009 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. பீப்பாயில் மாட்டுத்தோல் கட்டி அதன் மேலேயே உட்கார்ந்து அடிக்கிறார்கள். கரும்புப் பூத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டி உள்ளே விதை போட்டுக் குலுக்குகிறார்கள். பள்ளிக்கூட வாத்தியாரைக் கூட்டத்தில் பார்த்தேன், தோளில் தப்போடு. பீப்பாய்க்காரர்களோடு சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குச்சிகளை நீட்டினார்.

1984 க்குப் பிறகு முதல் தடவையாகக் கையில் வாங்கினேன். சிறுவயதில் கற்ற ஒரே ஒரு அடிதான் ஞாபகம் இருந்தது. அதையே அடித்தேன். மச்சான் பட்டாளத்து நடை போட்டு ஆடினார். ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தோலு எந்தத் தோலு, ஆட்டுதா, கன்னுக்குட்டிதா?” என்று மட்டும் கேட்டார்.